பாப்பாவின் முதல் பத்து நிமிடம்

முதல் தடவை போனபோது பாப்பாவின் கால் கட்டைவிரல்கூட நனையவில்லை.

டிர்விட் ரோட்டில் இருக்கும் ஜாலான் புசார் நீச்சல் குளத்துக்கு எங்கள் புளோக்கிலிருந்து தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனால் பத்து நிமிடம்தான். ஒரு வாரமாகப் பையைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். துண்டு இரண்டு, நீச்சல் டயாப்பர் மூன்று, மாற்றுத்துணி, வெந்நீர் ஃபிளாஸ்க். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாப்பாவுக்கு உடை மாற்றி, இடுப்பில் தூக்கிக்கொண்டு குளத்தோரம் வந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து மின்னல் எச்சரிக்கை ஒலித்தது. உயிர்காப்பாளர் விசில் ஊதினார். நீந்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் கரையேற, எல்லோரும் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. பாப்பா என் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா சொன்னார்: "நல்லதாப் போச்சு. ஏழு மாசப் புள்ளைக்கு எதுக்குடி குளமும் குட்டையும்?"

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 150 நாளுக்கு மேல் இடியும் மின்னலும் உண்டு. அதுவும் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். கைக்குழந்தையோடு போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஆனால் அம்மா கேட்டது மழையைப் பற்றி இல்லை.

அம்மாவுக்குத் தண்ணீர் பயம். நீச்சல் தெரியாது. நெஞ்சளவு தண்ணீரில் நின்றதுகூட இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போனாலும் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு, "அதுக்கு மேல போகாதே, அதுக்கு மேல போகாதே" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் எனக்குள்ளும் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தோழிகள் நீச்சல் குளத்துக்குப் போகும் நாள்களில் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும், பொய் வலி இல்லை. இப்போது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்விம்சேஃபர் நீச்சல் திட்டம் இருக்கிறது. அது தொடங்கியது 2010-இல். அதற்குள் நான் தொடக்கப்பள்ளியைத் தாண்டிவிட்டேன். இருபத்தெட்டு வயதில்தான் வயதுவந்தோர் வகுப்பில் சேர்ந்தேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க மூன்று வாரம் ஆனது. பாப்பா வயிற்றில் இருந்தபோதே முடிவு செய்துவிட்டேன், இந்த வயிற்றுவலி அவளுக்கு வரக்கூடாது என்று.

அப்பா கதை வேறு. அவர் 1962-இல் பிறந்தவர், ஃபேரர் பார்க் பக்கத்தில் வளர்ந்தவர். அங்கே 1957-இல் திறந்த பொது நீச்சல் குளம் இருந்தது, 2003-இல் மூடினார்கள். அப்பாவும் தெருப் பையன்களும் சில்லறை சேர்த்துக்கொண்டு போய், யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்களாம். அதற்கும் முன்னால் எமிலி குன்றில் ஒரு குளம் இருந்தது. நகருக்குத் தண்ணீர் தந்த பழைய நீர்த்தேக்கத்தைத்தான் 1931-இல் நீச்சல் குளமாக மாற்றினார்கள். சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் அதுதான். இரண்டுமே எங்கள் தேக்கா வட்டாரத்திலிருந்து நடக்கிற தூரம். அம்மா வளர்ந்ததும் இதே வட்டாரத்தில்தான். ஆனால் அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. வயசுக்கு வந்த பெண் அந்த உடையை எப்படிப் போடுவாள், நனைந்த தலைமுடியோடு எப்படித் தெருவில் நடந்து வருவாள் என்று வீட்டில் பேச்சு. நடந்துபோகிற தூரத்தில் இரண்டு குளங்கள் இருந்தும் ஒரு தலைமுறைப் பெண்கள் கரையிலேயே நின்றார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

இத்தனைக்கும் இந்த வட்டாரமே தண்ணீரிலிருந்து எழுந்தது. ஜாலான் புசார் என்றால் மலாயில் பெரிய சாலை. சாலை வருவதற்கு முன்னால் இது ரோச்சோர் ஆற்றோரத்துச் சதுப்பு நிலம். தண்ணீரும் புல்லும் இருந்ததால்தான் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாட்டு வியாபாரம் செழித்தது. கண்டாங் கெர்பாவ் என்ற பெயருக்கே எருமைத் தொழுவம் என்று பொருள். அந்தப் பெயரைத் தாங்கிய மருத்துவமனையில்தான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பிறந்தது. அது மகப்பேற்று மருத்துவமனையானது 1924-இல். அம்மா பிறந்த 1966-இல் அந்த ஒரே மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை அது. நான் பிறந்தது பழைய கட்டடத்தில். பாப்பா பிறந்தது, 1997-இல் இடம் மாறிய புதிய கேகே மருத்துவமனையில்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஏழு மாசப் புள்ளைக்கு எதுக்குடி?

நீச்சல் கற்றுக்கொடுக்க இல்லை. முதலில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கைக்குழந்தை நீச்சல் வகுப்புகளின் விளம்பரங்களைப் பார்த்தால், குழந்தை பிறவியிலேயே மீன் என்ற எண்ணம் வந்துவிடும். பிறந்த சில மாதங்களுக்கு, முகத்தில் தண்ணீர் பட்டால் குழந்தை தானாக மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தொண்டைக்குள் காற்றுக்குழாய் மூடிக்கொள்ளும், இதயத்துடிப்பு மெதுவாகும். இது உடம்பின் அனிச்சைச் செயல், திறமை இல்லை. ஆறு மாதத்தைத் தாண்டும்போது இது மெல்ல மெல்ல மங்கிவிடும். அதை நம்பி ஏழு மாதக் குழந்தையைத் தண்ணீருக்குள் முக்கி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வயதுக்குக் கீழே நீச்சல் வகுப்புக்குப் போவதால் மூழ்கும் ஆபத்து குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது. வகுப்பால் பலன் தொடங்குவது ஒரு வயதுக்குப் பிறகுதான்.

பின்னே என்ன பலன்? ஐஸ்லாந்துக் குழந்தைகளை வைத்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது தண்ணீரில் பழகிய பிள்ளைகள், நான்கு வயதையொட்டிச் சோதித்தபோது, உடம்பைச் சமநிலையில் நிறுத்துவதிலும் பொருளை எட்டிப் பிடிப்பதிலும் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் குழுவுக்குப் பத்தொன்பது பிள்ளைகள்தான். அதை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. என் காரணம் இதைவிடச் சின்னது. தண்ணீர் என்றால் அம்மாவின் கை, அம்மாவின் சிரிப்பு, உடம்பு லேசாவது என்று அவள் உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு வேறு கவலைகள் இருந்தன. உச்சிக்குழி இன்னும் மூடவில்லை, உச்சி குளிர்ந்துவிடும். நீர் கோத்துக்கொள்ளும். காதுக்குள் தண்ணீர் போய்விடும். சளி பிடிக்கும். எதையும் நான் தள்ளவில்லை. ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசினோம். சளி வருவது கிருமியால், குளிர்ந்த தண்ணீரால் இல்லை. காதுத் துவாரத்துக்குள் போகும் தண்ணீரைச் செவிப்பறை தாண்டவிடாது, துண்டின் நுனியால் வெளிக்காதை ஒற்றினால் போதும். ஆனால் குளிர்ந்துவிடும் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கைக்குழந்தையின் எடைக்கு அதன் தோல் பரப்பு அதிகம். வேர்வைக்கும் வெயிலுக்கும் பழகிய நமக்கு இதமாகத் தெரியும் தண்ணீரில்கூட, குழந்தையின் உடம்புச் சூடு வேகமாகப் போய்விடும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தண்ணீர் 32 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை சொல்கிறது. நம் வட்டாரத்துத் திறந்தவெளிக் குளங்களைச் சூடாக்குவதில்லை. காலையில், அதுவும் ராத்திரி மழை பெய்திருந்தால், தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். பகல் முழுக்க வெயில் வாங்கிய தண்ணீர் சாயங்காலம் இதமாக இருக்கும். அதனால்தான் மின்னலுக்குத் துணிந்து சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு மாதம் முடியும்வரை காத்திருந்ததும் அதனால்தான்.

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "அப்ப எப்படிப் பிடிப்பே?" என்று கேட்டார்.

பாப்பா பிறந்து முதல் மூன்று மாதம் அவளைக் குளிப்பாட்டியது அம்மாதான். குளியலறையில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து, கால்களை நீட்டிச் சேர்த்து வைத்து, அதன்மேல் பாப்பாவைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார். முதுகுக்கு ஊற்றக் குப்புறப் போடும்போது ஒரு கையைப் பாப்பாவின் நெஞ்சுக்கடியில் கொடுத்திருப்பார். பெருவிரல் ஒரு அக்குளில், மற்ற விரல்கள் அடுத்த அக்குளில். முகம் எப்போதும் அவர் மணிக்கட்டுக்கு மேலே தூக்கினாற்போல் இருக்கும். எண்ணெயும் தண்ணீருமாக வழுக்குகிற உடம்பை ஒரு நாளும் நழுவவிட்டதில்லை. அன்றைக்கும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பாப்பாவை வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினார். "கழுத்தை நம்பாதே. அக்குள்ல கையக் குடு. மறு கை சும்மா இருக்கணும், அவசரத்துக்கு வேணும்."

பிறகு ஒரு பயிற்றுநர் கைக்குழந்தையைத் தண்ணீரில் குப்புறப் பிடிக்கும் முறையைக் காட்டியபோது அசந்துபோனேன். அப்படியே அம்மாவின் கை. கால்மேல் போட்டுக் குளிப்பாட்டத் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் இந்தப் பிடி தெரியும். தமிழ்க் குழந்தை நீச்சல் குளத்துக்கு வரும் முன்பே தண்ணீரோடு நன்றாகப் பழகித்தான் வருகிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குழந்தை பிறந்ததற்குப் பரிசாக எங்களுக்கு இரண்டு கழுத்து மிதவைகள் வந்தன. காற்றடித்து, குழந்தையின் கழுத்தில் வளையமாக மாட்டி, தண்ணீரில் விட்டுவிடுவார்கள். படம் எடுத்தால் அழகாக இருக்கும். சிங்கப்பூரில் இதற்கென்றே குழந்தை ஸ்பாக்கள் வந்துவிட்டன. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன், வேண்டாம். 2022 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் கழுத்து மிதவைகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. ஒரு குழந்தை இறந்திருந்தது, இன்னொன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தது. காற்று இறங்கலாம், குழந்தை வழுக்கிக் கீழே போகலாம், கழுத்து இழுபடலாம். வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. வளையம் மாட்டிவிட்டால் பெரியவர்களின் கை சும்மா ஆகிவிடுகிறது. கை சும்மாவானால் கண்ணும் வேறு பக்கம் போகும். வந்த இரண்டையும் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டேன். வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்றுதான் வெட்டினேன்.

இரண்டாம் தடவை, ஒரு செவ்வாய்க்கிழமை, வானம் வெளுத்திருந்தது. ஐந்தரை மணி. அம்மாவும் வந்தார். தண்ணீரில் இறங்கமாட்டேன், கரையில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் கூட்டிக்கொண்டு போக நினைத்தது கணவரை. அவருக்கு வேலை முடியவில்லை. இப்போது யோசித்தால், அம்மா வந்ததே நல்லதாயிற்று.

பாப்பாவுக்குப் பால் கொடுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. உடை மாற்றும்போது அரைஞாண் கயிற்றைப் பார்த்து நின்றோம். கறுப்புப் பருத்திக் கயிறு. நனைந்தபடி டயாப்பருக்குள் கிடந்தால் இடுப்பில் தடித்துவிடும். அவிழ்க்க அம்மாவுக்கு மனமில்லை. சற்றே தளர்த்தி, டயாப்பருக்கு வெளியே வருமாறு விட்டோம், வந்ததும் துடைக்கலாம் என்று. கன்னத்து மைப்பொட்டு தண்ணீரில் போய்விடுமே என்று அம்மா உள்ளங்காலிலும் ஒன்று வைத்தார்.

நீச்சல் டயாப்பர் பற்றி ஒரு விஷயம். அது சிறுநீரைத் தாங்காது. சாதாரண டயாப்பரைப் போட்டால் குளத்துத் தண்ணீரையெல்லாம் குடித்து உப்பிவிடும் என்பதால்தான் அந்தத் தனி வகை. மலத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும், அவ்வளவே. வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையை அதை நம்பிக் குளத்தில் இறக்கக் கூடாது. சில கிருமிகள் குளோரின் போட்ட தண்ணீரிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் இறங்குகிற குளம் அது.

பெரிய குளத்தில் முதியவர் ஒருவர் நிதானமாகப் போய்வந்துகொண்டிருந்தார். சிறுவர் குளத்தில் இரண்டு பிள்ளைகள் மட்டும். படியில் உட்கார்ந்து, முதலில் பாப்பாவின் காலில் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். பாதத்தைச் சுருக்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். இந்த வயதையொட்டித்தான் குழந்தை புதிதாக எதையாவது கண்டால் தாயின் முகத்தைப் பார்க்கத் தொடங்கும், பயப்படலாமா வேண்டாமா என்று அங்கிருந்து தெரிந்துகொள்ளும். மூன்று வாரம் முகத்தைத் தண்ணீரில் வைக்க முடியாமல் நின்றவள் நான். அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்த வகுப்பெல்லாம் போனேனோ என்று தோன்றியது. சிரித்தேன். உள்ளுக்குள்ளிருந்து வந்த சிரிப்புதான்.

இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, முகத்துக்கு முகம் வைத்து, இடுப்புவரை இறக்கினேன். பிறகு நெஞ்சுவரை. நானும் முழங்காலை மடித்து உட்கார்ந்து தோள்வரை தண்ணீருக்குள் போனேன். என் கண்ணும் அவள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. அவள் கைகள் தண்ணீரின்மேல் அப்படியே விரிந்து நின்றன. ஒரு நிமிடம் அசையவில்லை. அப்புறம் வலக்கையால் ஓங்கி ஓர் அடி. தெறித்தது கண்ணில் பட்டதும் அழப்போகிறாள் என்று நினைத்தேன். இன்னோர் அடி அடித்தாள். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

அம்மாவின் பிடியில் குப்புறத் திருப்பினேன். கால்கள் தாமாக உதைத்தன. சேர்ந்து இல்லை, ஒன்று மாற்றி ஒன்று, தவளையும் இல்லை, மீனும் இல்லை. பின்னால் தண்ணீர் நகர்வதைத் தன் உடம்பால் உணர்ந்து அவள் திரும்பிப் பார்க்க முயன்றதை என்னால் மறக்க முடியாது.

"போதும், ஏறு" என்று கரையிலிருந்து குரல். எனக்கு ஒரு நொடி பழைய கோபம் வந்தது. அதே குரல், அதுக்கு மேல போகாதே. பாப்பா சிரித்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் ஐந்து நிமிடம் என்றேன். அம்மா குளத்தின் விளிம்புக்கே வந்து குனிந்தார். "நகத்தைப் பாருடி."

பார்த்தேன். விரல் நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. உதட்டின் உட்புறமும் வெளுத்திருந்தது. நம் குழந்தைகளின் நிறத்தில் உதட்டை வெளியிலிருந்து பார்த்தால் நீலம் சட்டென்று தெரியாது. நகத்தையும் உள்உதட்டையும் பார்க்க வேண்டும், பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நடுங்கும்வரை காத்திருக்கக் கூடாது. கைக்குழந்தையால் நம்மைப்போல் நன்றாக நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள முடியாது. மணி பார்த்தேன், சரியாகப் பத்து நிமிடம். முதல் நாளுக்குப் பத்து நிமிடமே போதும் என்று நான் படித்துவைத்திருந்தேன்தான். தண்ணீருக்குள் இருக்கும்போது அது நினைவில் இல்லை.

அம்மாவின் கை நனையாமல் இருந்தது. துண்டு விரித்துத் தயாராக இருந்தது. பாப்பாவை வாங்கிச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் ஏறித் துவட்டிக்கொள்வதற்குள் அவளுக்கு நிறம் திரும்பியிருந்தது. வெதுவெதுப்பான நீரால் குளோரினைக் கழுவி, மடிப்புகளைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பால் கொடுத்தேன். தள்ளுவண்டியில் மூன்று மணி நேரத் தூக்கம். உள்ளங்கால் பொட்டும் போயிருந்தது. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதுவரை ஆறு தடவை போய்விட்டோம். இப்போது இருபது நிமிடம் தாங்குகிறாள். அம்மா இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை. நான் இப்போது வற்புறுத்துவதும் இல்லை. கரையிலிருந்து அவர் பார்க்கிற பார்வை தண்ணீருக்குள் இருக்கிற எனக்குக் கிடைக்காது. பயம் பாப்பாவுக்கு வர வேண்டாம் என்று நினைத்த எனக்கு, அந்தக் கண் மட்டும் வரட்டும் என்று இப்போது ஆசை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இருக்காது. வீட்டுக் குளியலறையில் பிடித்துவைத்த வாளித் தண்ணீர்கூட ஒரு குழந்தைக்குப் போதும். அதனால் எங்கள் வீட்டில் குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுகிறோம்.

நீங்களும் குழந்தையை முதல் தடவை அழைத்துப்போவதாக இருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தனியாகப் போகாதீர்கள். நனையாத கையோடு, விரித்த துண்டோடு, கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, குழந்தையின் நகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் கரையில் உட்கார வையுங்கள். அவருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. அவர் போதும் என்றால் ஏறிவிடுங்கள்.